விண்தூசியை அளக்கும் வெடிப்பொளி

மெல்லிய மேகத்தினூடே தோன்றும் சந்திரனைச் சுற்றி ஓர் ஒளிவட்டம் காணப்படுவதை யாவரும் அறிவர். மேகத்தின் நுண்துளிகள் ஒளியைச் சிதறச் செய்வதே அதற்குக் காரணம். விண்மீன்களுக்கிடையே பரவியுள்ள நுண்தூசியும் எக்ஸ்-கதிர்களை இவ்வாறே சிதறச் செய்கின்றது. அத்தூசி கலந்த முகில்களிலேதான் விண்மீன்களும் கோள்களும் பிறக்கின்றன. ஆதலின், தூசி எங்கே, எத்தன்மையதாய் உள்ளது என அறிவது விஞ்ஞானத்துக்கு இன்றியமையாதது.

2022 அக்டோபர் 9ஆம் நாள், ஏறத்தாழ 200 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் நிகழ்ந்த காமாக்கதிர் வெடிப்பொன்றின் ஒளி பூமியை வந்தடைந்தது. இத்துணைப் பிரகாசமான வெடிப்பு பதினாயிரம் ஆண்டுகளுக்கு ஒரு முறையே தோன்றக்கூடும் என்பது ஆராய்ச்சியாளர் மதிப்பீடு. அதன் எக்ஸ்-கதிர்கள் நமது பால்வீதியின் தூசியிற்பட்டுச் சிதறித் தோற்றுவித்த 20 வளையங்களை ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் எக்ஸ்.எம்.எம்.-நியூட்டன் விண்கலம் படம் பிடித்தது.

சிதறிய ஒளி சற்றே நீண்ட வழியில் வருவதால், நேரே வந்த ஒளிக்குப் பின் தாமதித்து வந்து சேர்கின்றது. அத்தாமதத்தையும் வளையத்தின் கோண அளவையும் கொண்டு தூசியின் தூரத்தைக் கணக்கிடலாம். ஒரே வேளையில் காணப்படும் வளையங்களுள் பெரியது அருகிலுள்ள தூசியையும், சிறியது தொலைவிலுள்ள தூசியையும் குறிக்கும். இம்முறையில் 1,000 முதல் 61,000 ஒளியாண்டுகள் வரையிலான தூரங்கள் அளக்கப்பட்டன. வளையங்கள் மங்கும் விதம் துகள்களின் பருமனையும் உணர்த்துகின்றது.

இவ்வெடிப்பை நம் அஸ்ட்ரோசாட்டும் பதிவு செய்தது. ஆயினும், அதிலுள்ள மென் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியின் கூர்மை ஏறத்தாழ ஒரு பாகையின் 30இல் ஒரு பங்கே. நெருங்கிய வளையங்களைப் பிரித்தறிய அது போதாது. 2024 ஜனவரி 1இல் ஏவப்பட்ட எக்ஸ்போசாட் உருவப்படம் எடுப்பதற்காக அமைக்கப்பட்டதன்று. எனவே, கூர்மையான ஆடிகளும் விரைந்து திரும்பும் ஆற்றலும் வாய்ந்த எக்ஸ்-கதிர் ஆய்வுக்கலமொன்றை நம் நாடு அமைத்தல் வேண்டும் என்பது நமது கருத்து.

வளையங்கள் சில நாட்களில் விரிந்து மங்கிவிடும். கலம் விரைந்து திரும்புவதோடு, கட்டளையும் அதனை விரைவில் எட்டவேண்டும். இவ்விடத்தில்தான் அந்தமான் தீவுகளின் பயன் விளங்குகின்றது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிழக்கே செல்லும் ஏவுகலங்களைக் கண்காணிக்கும் நிலையமொன்று, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் உள்ளது. அஸ்ட்ரோசாட்டைப் போல் 650 கிலோமீட்டர் உயரத்தில் நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுற்றும் கலம், ஏறத்தாழ நூறு நிமிடங்களுக்கொருமுறை இத்தீவுகளின் வானில் தோன்றும். பெங்களூரின் பார்வையிலிருந்து மறைந்த பின்னும் சில நிமிடங்கள் இங்கே புலப்படும். புதிய கலத்தைத் திட்டமிடுவோர் அந்நிமிடங்களையும் கருத்திற் கொள்வார்களாக. விண்வெடிப்பு நமது ஆயத்தத்துக்காகக் காத்திராது. வளையங்கள் மறைந்தபின் கட்டளை அனுப்புவதால் பயனில்லை.