வீட்டை விட்டு வெளியே வர இயலாதோருக்கு வீடு தேடி வரும் மறுவாழ்வுச் சேவை கோரி மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்,
கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளின் பெற்றோர் மற்றும் பராமரிப்போர் சங்கம்,
கோயம்புத்தூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கோயம்புத்தூர்.

வழி: மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் அவர்கள்.

பொருள்: உயர் ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்கு வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சை, செவிலியர் சேவை, பராமரிப்புப் பொருட்கள் வழங்கவும், பராமரிப்போருக்கு ஆதரவு அளிக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு இந்த மனுவோடு வந்திருப்பவர்கள் பெற்றோர்களும் உடன்பிறந்தவர்களும்தான். யாருக்காகக் கேட்கிறோமோ அவர்களில் பெரும்பாலோரால் இங்கே வர முடியாது. மூளை முடக்குவாதம், தசைச்சிதைவு, தண்டுவடக் காயம், கடுமையான அறிவுசார் குறைபாடு என்று காரணங்கள் பல. சாப்பிடவும் புரண்டு படுக்கவும் கழிப்பறை போகவும் இன்னொருவர் கை வேண்டும் என்பது எல்லோருக்கும் பொது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்களும் இவர்களில் உண்டு.

சட்டம் எங்களுக்குக் குறை வைக்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 5-ஆம் பிரிவு சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமையைத் தருகிறது. 38-ஆம் பிரிவு உயர் ஆதரவு கேட்டு விண்ணப்பிக்க வழி செய்கிறது. அந்த விண்ணப்பத்தை எங்கே கொடுப்பது, மதிப்பீட்டு வாரியம் எந்த நாளில் எங்கே கூடும் என்பதுதான் எங்கள் குடும்பங்களுக்குத் தெரியவில்லை. இதை ஊராட்சி அலுவலகங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் எழுதி ஒட்ட வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவரை மருத்துவக் குழு வீட்டுக்கே வந்து பார்த்து அடையாள அட்டை தர வேண்டும். வால்பாறை எஸ்டேட் லயத்திலிருந்து ஒருவரை வாடகைக் காரில் ஏற்றி, 40 கொண்டை ஊசி வளைவுகள் இறக்கி, சான்றிதழில் பாதிப்பின் விழுக்காட்டை எழுதி வாங்கச் சொல்வது எந்தக் கணக்கிலும் நியாயமாகப் படவில்லை.

எங்கள் முதன்மைக் கோரிக்கை ஆள் சம்பந்தப்பட்டது. சக்கர நாற்காலி கிடைக்கிறது, முகாம் போட்டுத் தருகிறார்கள், படமும் எடுக்கிறார்கள். ஆனால் நாற்காலி மட்டும் போதாது. தண்டுவடம் அடிபட்டவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடாவிட்டால் படுக்கைப் புண் வரும். புண் ஆழமானால் எலும்பு வரை போகும். சிறுநீர்க் குழாய் சுத்தமாக இல்லையென்றால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறும். மூளை முடக்குவாதக் குழந்தையின் கைகால்களைத் தினமும் நீட்டி மடக்கி, சரியான நிலையில் உட்காரவைக்காவிட்டால் தசை இறுகி, பிறகு உடை மாற்றுவதே வேதனையாகிவிடும். இவற்றையெல்லாம் ஒரு தாய் செய்ய முடியும், செய்துகொண்டும் இருக்கிறார். சரியாகச் செய்கிறாரா என்று பார்த்துச் சொல்ல, தேர்ந்த ஒருவர் அவ்வப்போது வீட்டுக்கு வர வேண்டும்.

2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு இயன்முறைச் சிகிச்சையும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் உள்ளன. திட்டத்தை நாங்கள் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் என்று நீளும் பட்டியலில் எங்கள் பிள்ளைகளின் முறை எப்போதாவதுதான் வருகிறது. மாவட்டத்தின் 12 ஒன்றியங்களிலும் உயர் ஆதரவு தேவைப்படுவோருக்கெனத் தனிப் பதிவேடு வைத்து, ஒவ்வொருவர் வீட்டுக்கும் இயன்முறைச் சிகிச்சையாளர் மாதம் இரண்டு முறை, செவிலியர் மாதம் ஒருமுறையாவது வர ஆணையிட வேண்டும். வந்து போன தேதியும் சொல்லிக் கொடுத்ததும் குடும்பத்திடம் இருக்கும் நோட்டில் எழுதப்பட வேண்டும். மாநகராட்சி வார்டுகளுக்கும் இதே ஏற்பாடு தேவை.

பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வீட்டுவழிக் கல்வி உண்டு. சிறப்புப் பயிற்றுநர் வருகிறார். பதினெட்டு வயதானதும் அது நின்றுவிடுகிறது. பையன் பெரியவனாகிக் கனமாகும் காலத்தில்தான் அம்மாவின் முதுகும் தேயத் தொடங்குகிறது. பதினெட்டிலிருந்து சுகாதாரத் துறையும் மாற்றுத்திறனாளிகள் நலத் துறையும் சேர்ந்து அந்த வருகையைத் தொடர வேண்டும்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கான பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியில் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ஆனது. பெரியவர்களுக்கான டயப்பர் ஒன்று முப்பது ரூபாய் என்று வைத்து, நாளுக்கு மூன்று என்று கணக்கிட்டாலே மாதம் 2,700 ரூபாய். மருந்தும் மெத்தையும் அதற்கு மேல். ஆந்திர அரசு 2024 ஜூலை முதல் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் முடங்கியோருக்கு மாதம் 15,000 ரூபாய் தருகிறது. அதைக் காட்டிச் சண்டை போட நாங்கள் வரவில்லை, ஆனால் தொகையை உயர்த்த அரசுக்குப் பரிந்துரை எழுதுங்கள் என்கிறோம். பராமரிப்பவருக்கான தனிப் படி பற்றி மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 24-ஆம் பிரிவு பேசுகிறது. சோமனூரில் தறிக்குடோனுக்கோ சிங்காநல்லூரில் மில்லுக்கோ போய்க்கொண்டிருந்த பெண் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறார். படியைக் கணக்கிடும்போது அவர் இழந்த ஷிப்ட் கூலியை மனதில் கொள்ள வேண்டும். தொகை உயரும்வரை டயப்பர், சிறுநீர்க் குழாய், சிறுநீர்ப் பை, புண் கட்டும் பொருட்கள், காற்று மெத்தை ஆகியவற்றை ஆரம்ப சுகாதார நிலையம் வழியாக இலவசமாகத் தரலாம். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அறுவை சிகிச்சைக்குக் கைகொடுக்கிறது, வீடு திரும்பிய மறுநாள் முதல் எல்லாம் எங்கள் செலவுதான்.

இது நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. வாளையாறைத் தாண்டினால் கேரளத்தில் ஊராட்சிகளே செவிலியரை வைத்து வீட்டுப் பராமரிப்பு நடத்துகின்றன. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் கிராமம் கிராமமாக மறுவாழ்வுப் பணியைக் கொண்டுபோயிருக்கிறது. நம் கொங்குப் பகுதியிலேயே, தசைச்சிதைவோடு வாழ்ந்த சேலம் சகோதரிகள் வானவன் மாதேவியும் இயல் இசை வல்லபியும் அதே பாதிப்புள்ளவர்களுக்காக ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலய வளாகத்தில் மாற்றுத்திறன் மேலாண்மையும் சிறப்புக் கல்வியும் கற்பிக்கும் புலம் இருக்கிறது. இத்தகைய அமைப்புகளோடு பேசி, உள்ளூர்ப் பெண்களைப் பராமரிப்பு உதவியாளர்களாகப் பயிற்றுவித்து, ஊதியத்தோடு அமர்த்தலாம். பம்பு செட்டும் கிரைண்டரும் செய்து நாட்டுக்கே அனுப்பும் ஊர் இது. இங்கே சக்கர நாற்காலிக்கு ஒரு பேரிங் மாற்ற மாதக்கணக்கில் காத்திருக்கிறோம். பழுது பார்க்கும் மையம் ஒன்றைத் தொழில் அமைப்புகளிடம் கேட்டுப் பெற்றுத் தர வேண்டும்.

தாலுகாவுக்கு ஒன்றாகக் குறுகிய காலத் தங்கும் இடமும் வேண்டும். பராமரிப்பவருக்கே அறுவை சிகிச்சை என்றாலோ, நெருங்கிய உறவில் சாவு என்றாலோ, ஒரு வாரம் நம்பி விட்டுப் போக இடமில்லை. உலக வங்கி நிதியுதவியுடன் மாற்றுத்திறனாளிகளுக்காக அமையும் ‘விழுதுகள்’ சேவை மையங்களில் இதற்கென நான்கைந்து படுக்கைகள் ஒதுக்க முடியுமா என்று பரிசீலிக்கக் கோருகிறோம்.

எங்களுக்குப் பிறகு யார் என்ற கேள்விக்குத் தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999 ஓரளவு வழி சொல்கிறது. மன இறுக்கம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சட்டப்படி காப்பாளர் நியமிக்கும் உள்ளூர்க் குழுவுக்குத் தாங்களே தலைவர். அறுபது, எழுபது வயதைத் தாண்டிய பெற்றோரின் விண்ணப்பங்களை முதலில் எடுத்து, தாலுகா வாரியாக முகாம் நடத்தித் தர வேண்டும்.

இவை குறித்துப் பேச ஒரு கூட்டத்துக்கு நாள் குறிக்க வேண்டுகிறோம். சுகாதாரத் துறை இணை இயக்குநர் உள்ளிட்ட அலுவலர்களும் அதில் இருந்தால் நல்லது. காலை 11 மணிக்கு மேல், மதியம் 2 மணிக்குள் வைத்தால் வீட்டில் ஊட்டிவிட்டு வந்து, அடுத்த வேளைக்குள் திரும்ப எங்களால் முடியும். வால்பாறை உறுப்பினர்களுக்காக வீடியோ கால் வசதியும் செய்து தர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்.

நகல்: ஆணையர், மாற்றுத்திறனாளிகள் நல ஆணையரகம், சென்னை.