வளைவின் எந்தப் பக்கம்?

பழைய தோட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. துரை பங்களா மேட்டில், லயத்து வீடுகள் பள்ளத்தில். மேட்டுக்குக் காற்றும் பார்வையும், பள்ளத்துக்குத் தண்ணீர் வசதி. அந்த வசதி மழைக்காலத்தில் வாசலுக்கே வந்துவிடும் என்பதுதான் சிக்கல். துரைமார் போய்விட்டார்கள், பள்ளத்தில் வீடு கட்டும் பழக்கம் மட்டும் போகவில்லை.

ஜொகூரின் பெக்கோக் பக்கம் வீட்டு நிலம் பார்ப்பவர்கள் விலையையும் சாலையையும் கேட்கிறார்கள், ஆறு எப்படி வளைகிறது என்று கேட்பதில்லை. வளைவின் வெளிப்புறத்தில் நீர் வேகமாக மோதிக் கரையின் அடியைக் குடையும். உட்புறத்தில் மணலைச் சேர்க்கும். வேர் வெளியே தொங்க, ஆற்றுப் பக்கம் சாய்ந்து நிற்கும் மரமே வெளிப்புற அரிப்புக்குச் சாட்சி. உட்புறம் கரை வளருகிறதே என்று அங்கே கட்டினாலும் தப்பில்லை என நினைக்காதீர்கள், அது வெள்ளம் கொண்டுவந்து போட்ட மண்.

40 மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றுக்கு இரு கரையிலும் 50 மீட்டர் ஒதுக்கு நிலம் விட வேண்டும் என்கிறது மலேசிய வடிகால், நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டி. ஆனால் செம்பனை பல இடங்களில் தண்ணீர் ஓரம்வரை நிற்கிறது. கரையைப் பிடித்து வைக்கும் காட்டு மரங்களின் வேலையைச் செம்பனை செய்யாது. 2023 மார்ச் வெள்ளத்தில் ஜொகூரில் 40,000-க்கும் மேற்பட்டோர் துயர்துடைப்பு மையங்களுக்குப் போனார்கள்.

முன்பணம் கட்டும் முன், அடைமழை விட்ட மறுநாள் போய் அந்த நிலத்தில் நின்று பாருங்கள். பக்கத்து வீட்டுச் சுவரில் சேற்றுக் கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள்.