கைப்பேசியில் உடையும் அணை

முல்லைப் பெரியாற்று அணை இதுவரை எத்தனை முறை உடைந்திருக்கின்றது என்று எண்ணிப் பார்த்தால் நமக்கே வியப்புத் தோன்றும். 1979-இல் அது செய்தித்தாளில் உடைந்தது. 2011-இல் திரைப்படத்தில் உடைந்தது. 2021-இல் முகநூலிலும் கீச்சகத்திலும் உடைந்தது. 2024-இல் வயநாட்டு நிலச்சரிவு நூற்றுக்கணக்கான உயிர்களைக் குடித்தபின் மீண்டும் அங்கேயே உடைந்தது. பென்னிகுயிக் 1895-இல் கட்டி முடித்த சுண்ணாம்புக் கற்சுவரோ, பெரியாற்றுக் காட்டினுள் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருக்கின்றது!

1979 ஆகத்துத் திங்களில் குசராத்தின் மோர்வி அணை உடைந்தது. அவ்வாண்டே மலையாள இதழ்கள் நம் அணையைப் பற்றிய அச்சத்தை மூட்டின. வலுப்படுத்தும் பணி முடியும்வரை என்று சொல்லி, நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கினர். பணி முடிந்தது, நீர்மட்டம் ஏறவில்லை. 142 அடி தேக்கலாமென 2006-இல் உச்ச முறைமன்றம் தீர்ப்புரைத்தது. கேரள அரசோ அதனை முடக்கச் சட்டத்திருத்தமே இயற்றிக்கொண்டது. அச்சட்டம் 2014 மே 7-இல் வீழ்ந்த பின்னரே, அவ்வாண்டு நவம்பரில் நீர் 142 அடியைத் தொட்டது. தாளில் அச்சிட்ட ஓர் அச்சத்தைக் களைய நமக்கு 35 ஆண்டுகள் பிடித்தன. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல் முதல் கடைமடையாகிய சிவகங்கை, இராமநாதபுரக் கண்மாய்கள் வரை அவ்விழப்பைத் தாங்கின.

தாளுக்கு ஓர் அச்சகமும், திரைப்படத்திற்குப் பெரும்பொருளும் தேவைப்பட்டன. இன்று ஒரு கொத்துக்குறி போதும். 2021 அக்தோபரில் மழை வலுத்து நீர் ஏறிய வேளையில், அணையைச் செயலிழக்கச் செய்க என்று நடிகர் பிரித்விராசு எழுதினார். வேறு சிலரும் எழுதினர். அக்குறி காட்டுத்தீயெனப் பரவிற்று. அணைக்கு இடர் ஏதுமில்லை, பொய்யச்சம் பரப்புவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று கேரள முதலமைச்சரே சட்டமன்றத்தில் உரைத்தார். நடிகரின் சொல் ஓடிய தொலைவு முதலமைச்சரின் சொல் ஓடியதா?

ஓடாது. கரணியம் கருவியின் அமைப்பிலேயே உள்ளது. முகநூலும் படவரியும் நமக்கு விலையின்றிக் கிடைப்பன அல்ல. நம் கண்கள் அவற்றில் தங்கும் பொழுதே விளம்பரக்காரர்க்கு விற்கப்படுகின்றது. ஆகலின் எது நம்மைச் சினமூட்டி மறுமொழி எழுதத் தூண்டுமோ, அதுவே முன்னே நிறுத்தப்படுகின்றது. நம் அணையின் முழுக்கொள்ளளவு 15 டி.எம்.சி.யை ஒட்டியது, அதன் கீழேயுள்ள இடுக்கித் தேக்கமோ 70 டி.எம்.சி. என்று அமைதியாக எழுதும் பொறியாளரின் பதிவு அடியில் அமிழ்ந்துவிடும். (இரண்டிற்கும் இடையே வாழும் வண்டிப்பெரியாற்று மக்களின் அச்சம் மெய்யான அச்சமே. அதனை நம்மவர் எள்ளுவது பண்பன்று.)

இனி நம் பக்கத்தையும் பார்த்தல் வேண்டும். தேனியில் அந்நடிகரின் கொடும்பாவியை எரித்தனர். அது பொதுவிடத்துப் போராட்டம்; போகட்டும். புலனக் குழுக்களில் மலையாள மக்களையே இழித்தெழுதிய இளைஞரை என் சொல்வது! கம்பமெட்டு, குமுளி, போடிமெட்டு வழியே விடியுமுன் வண்டிகளில் நெருங்கி அமர்ந்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்வோர் நம் பள்ளத்தாக்கின் பெண்கள். 2011 திசம்பரில் அவர்கள் அடிபட்டனர் என்ற செய்தி வந்தபோதுதான் ஊர்கள் திரண்டு குமுளி நோக்கி நடந்தன. சின்னமனூரில் கட்டிலிற் கிடந்தபடி ஒருவன் தட்டிவிடும் வசைச்சொல், மலைமேல் அவன் தாயோடு ஏலம் பறிக்கும் பெண்ணின் முதுகிலன்றோ விழும்? அன்றி, நம்மவர் பொய்க்கு மயங்காதவரும் அல்லர். 2018 மே திங்களில் பிள்ளை பிடிப்போர் என்ற புலனச் செய்தியை நம்பிப் போளூருக்கு அருகே ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றவர் தமிழரே.

கருவியை வெறுத்தொதுக்குமாறு யாம் கூறவில்லை. 2017 சனவரியில் ஏறுதழுவலுக்காக மெரினாவில் இளைஞரைத் திரட்டியது இதே கருவி. துபாயிலும் சிங்கப்பூரிலும் உழைக்கும் மகனின் முகத்தைக் கூடலூரிலிருக்கும் தாய்க்கு நாள்தோறும் காட்டுவதும் இதுவே. ஆயின் அத்தாய்க்கு அவன் எழுதும் இரண்டு வரியும் ஆங்கில எழுத்திலன்றோ வருகின்றது! தன் மொழியைத் தன் எழுத்தில் எழுதக் கூசுகின்றவன், தன் ஆற்றைப் பற்றிய வழக்கை எவ்வாறு எடுத்துரைப்பான்? தமிழ் விசைப்பலகை எல்லாக் கைப்பேசியிலும் உண்டு.

கம்பம், கூடலூர், உத்தமபாளையம் உழவர் அமைப்புகள் ஒன்றுகூடிக் காலைதோறும் நீர்மட்டம், நீர்வரத்து, திறப்பு ஆகிய மூன்று எண்களையும் தமிழிலும் மலையாளத்திலும் வெளியிடுக. முறைமன்றம் அமைத்த ஆனந்த் குழு 2012-இல் அணை வலுவுடன் உள்ளதென்று கண்ட முடிவை, எளிய நடையில், படத்துடன் இரு மொழியிலும் தருக. மலையாளம் எழுத வல்லார் நம் எல்லையூர்களில் பலர் உளர். இவ்வேலையைச் சூன் திங்களில், மலையில் முதல் மழை இறங்குமுன் தொடங்குதல் வேண்டும். நீர் 136 அடியைத் தொட்ட நாளில்தான் அங்கே எழுதத் தொடங்குவர்.