வாங்கோண்ணா

சென்ற மார்கழியில் மயிலாப்பூர்ச் சபா ஒன்றின் காண்டீனில் ஒரு வயலின்காரத் தம்பியோடு நின்றுகொண்டிருந்தேன். மன்னார்குடிப் பக்கம். அப்பா தவில்காரர். இவர் பள்ளி நாளிலேயே வயலினுக்கு வந்துவிட்டார். அடை வருவதற்குள் அவருக்கு இரண்டு போன். முதலாவது ஊரிலிருந்து: "சாப்ட்டாச்சுண்ணே. இல்லண்ணே, நாளைக்குத்தான் வர்றேன்." இரண்டாவது ஒரு பாடகரிடமிருந்து: "சொல்லுங்கோண்ணா, நமஸ்காரம். பதினெட்டா? ஃப்ரீதாண்ணா. வந்துடறேண்ணா." குரலே அரைக்கட்டை ஏறியிருந்தது. நான் கவனித்ததை அவரும் கவனித்துவிட்டார். சிரித்தார். "இதுவும் ஒரு ஸ்ருதிதான் சார். சேரலைன்னா மேடையில உக்கார முடியாது."

கர்நாடக இசையில் எல்லோருக்கும் இடமுண்டா என்ற கேள்வி வரும்போதெல்லாம் பேச்சு வாசலோடு நின்றுவிடுகிறது. யார் யாரைத் தடுத்தார்கள்? மதியக் கச்சேரிக்கு டிக்கெட்டே கிடையாது, உள்ளே போய் உட்காரலாம். கற்றுக்கொள்ளவும் வழியிருக்கிறது. தமிழ்நாட்டில் 17 மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் நடக்கின்றன. குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் என்று மூன்றாண்டுப் படிப்பு. இதெல்லாம் உண்மைதான். படித்து வெளியே வரும் பிள்ளையின் கையில் சான்றிதழ் இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளையின் நம்பர் யாருடைய போனிலும் இல்லை.

பக்கவாத்தியம் அமைவது எப்படி என்று எழுதிவைத்த விதி எதையும் நான் பார்த்ததில்லை. பாடுகிறவருக்குத் தேதி கிடைக்கிறது. அவர் தனக்குப் பழக்கமானவரைக் கூப்பிடுவார், அல்லது செக்ரட்டரி ஒரு பெயரைச் சொல்வார். அந்தப் பெயர் முந்தைய வாரம் ஒரு கல்யாண வரவேற்பில் காதில் விழுந்ததாக இருக்கும். குருவின் சம்பந்தி வீட்டுப் பையனாக இருக்கும். அமெரிக்காவில் ஒரு கோடையை ஒரே வேனில் கழித்தவராகவும் இருக்கலாம். கச்சேரி வளர்வது நட்பில்தான், எனக்கும் தெரியும். பாடகர் நிரவலில் எங்கே திரும்புவார் என்று முன்கூட்டியே அறிந்த வயலின்காரர் பழகிப் பழகித்தான் உருவாகிறார். என் குறை பழக்கத்தின் மேல் அல்ல. பழகக் கிடைக்கும் இடங்கள் எவை, அங்கே யார் போக முடியும் என்பதன் மேல்தான். காண்டீன் மேசை, கிரீன் ரூம், வீட்டுக் கொலு, பூணூல் கல்யாணம். மன்னார்குடித் தம்பிக்கு இவற்றில் காண்டீன் ஒன்றுதான் திறந்திருக்கிறது. அங்கேயும் சொந்தத் தமிழைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் நிற்கிறார்.

இத்தனைக்கும் அவர் வானொலியில் 'பி-ஹை' தரம் பெற்றவர். பி.வி. கேஸ்கர் 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். வானொலியில் பாட வருகிறவர்களுக்கெல்லாம் குரல்தேர்வு என்ற ஏற்பாடு அவர் காலத்தில்தான் இறுகியது. பெரிய வித்வான்கள் கொதித்தார்கள்: எங்களுக்கா பரீட்சை? அவர்களுடைய கோபத்தில் நியாயம் உண்டு. கேஸ்கர் வேறு பல காரியங்களில் பிடிவாதமான மனிதர். சினிமாப் பாட்டை வானொலியிலிருந்து விரட்டி, கேட்பவர்களை ரேடியோ சிலோன் பக்கம் தள்ளியவர் அவர். ஆனால் அந்தத் தேர்வில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. பெயரைச் சொல்லாமல், ஆளைப் பார்க்காமல், ஒலியை மட்டும் கேட்டுத் தரம் போடுவது. நம் தம்பி அங்கே ஒரு எண்ணாகப் போனார், தரத்தோடு வந்தார். சபா வாசலில் அதை யாரும் கேட்பதில்லை. கேட்பது ஒன்றே ஒன்று: "யாரோட சிஷ்யன்?"

மேற்கத்திய இசைக்குழுக்கள் திரைக்குப் பின்னால் வாசிக்க வைத்து ஆள் எடுப்பதை நம்மவர்கள் சிலர் பெரிய மருந்தாகப் பேசுவதுண்டு. பாஸ்டன் சிம்ஃபனி அதை 1950களிலேயே தொடங்கிவிட்டது. மருந்துதான், ஆனால் பாதி நோய்க்கு. 1980இல் மியூனிக் ஃபில்ஹார்மோனிக்கின் ட்ராம்போன் இடத்துக்கு 33 பேர் வந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் குழுவினருக்குத் தெரிந்த வீட்டுப் பிள்ளை என்பதால் அன்றைக்குத் திரை கட்டினார்கள். பதினாறாவதாக வாசித்தவரைக் கேட்டதும் முடிவாகிவிட்டது. திரைக்குப் பின்னாலிருந்து வந்தவர் அபி கோனன்ட் என்ற பெண். தேர்வுக்கு வரச்சொன்ன கடிதத்தில் அவரை ஆண் என்றே எண்ணி எழுதியிருந்தார்கள். இடம் கிடைத்தது. கொஞ்ச நாளில் தலைமை நடத்துநர் செலிபிடாக்கே அவரை இரண்டாவது ட்ராம்போனுக்கு இறக்கினார். பத்தாண்டுக்கு மேல் நீதிமன்றப் படியேறித்தான் அந்த அம்மாள் வென்றார்.

இதைவிட நமக்கு நெருக்கமானது நியூயார்க் கதை. 1969இல் ஏர்ல் மேடிசன், ஆர்ட் டேவிஸ் என்ற இரண்டு கறுப்பினக் கலைஞர்கள், ஒருவர் செல்லோ, மற்றவர் டபுள் பேஸ், நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் தங்களை நிறத்தால் ஒதுக்கியதாக நகர மனித உரிமை ஆணையத்திடம் போனார்கள். அந்தக் குழுவில் அப்போது ஒரே ஒரு கறுப்பினக் கலைஞர்தான் இருந்தார். நிரந்தர இடங்களுக்கான தேர்வில் இவ்விருவருக்கும் பாகுபாடு நடந்ததாக ஆணையம் சொல்லவில்லை. மாற்று ஆட்களையும் கூடுதல் ஆட்களையும் அழைப்பதில்தான் பாகுபாடு இருக்கிறது என்றது. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அந்த மாலைக்கு யாரைக் கூப்பிடுவது? அதற்குத் தேர்வு கிடையாது. உள்ளே இருப்பவர் தன் மாணவனைச் சொல்வார், நண்பனைச் சொல்வார். திரை தொங்குவது ஒரு நாள் தேர்வில். மற்ற நாளெல்லாம் ஓடுவது டெலிபோன். நம் கச்சேரி உலகத்தில் டெலிபோன் மட்டும்தான்.

பழைய கதையைப் புரட்டினாலும், சண்டை பெரும்பாலும் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதில்தான் வந்திருக்கிறது. பாலக்காடு மணி ஐயர் வெகுகாலம் பெண்களுக்கு வாசிக்கவில்லை. பிறகு டி.கே. பட்டம்மாளுக்கு வாசித்தார். மணி ஐயரின் மகள் லலிதாவுக்கும் பட்டம்மாளின் மகன் சிவகுமாருக்கும் திருமணம் நடந்து இரண்டு வீடும் சம்பந்திகளாயின. கடம் வாசிக்கும் சுகன்யா ராம்கோபால், தன்னோடு ஒரே மேடையில் உட்கார மறுத்த மிருதங்கக்காரர்களைப் பற்றிப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கையெழுத்துப் போட்ட தடையுத்தரவு எதுவும் கிடையாது. 'அன்னிக்கு எனக்கு வேற இடத்துல இருக்கு' என்றால் முடிந்தது.

திருவையாற்றில் இந்தச் சண்டை வெளிப்படையாகவே நடந்தது. தியாகராஜர் சமாதிக்குத் தன் பணத்தில் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். ஆராதனை நடத்திய இரண்டு கட்சியும், பெரிய கட்சியும் சின்னக் கட்சியும், பெண்களைப் பாடவிடவில்லை. அவர் கெஞ்சவில்லை. பெண்கள் கட்சி என்று மூன்றாவதாக ஒன்றைத் தொடங்கித் தனியே ஆராதனை நடத்தினார். 1940 வாக்கில் எல்லாம் ஒன்றாயின. இன்று பஞ்சரத்தினம் பாட உட்காரும் கூட்டத்தில் எத்தனை பேர் அந்தக் கோயில் யார் காசில் எழுந்தது என்று நினைக்கிறார்களோ.

இன்னொரு கதையில் ஒருவரின் கை எல்லோருடைய இடத்தையும் மாற்றிவிடுகிறது. பழனி சுப்பிரமணிய பிள்ளை இடதுகைக்காரர். மிருதங்கம் பாடகரின் வலப்பக்கம், வயலின் இடப்பக்கம் என்பது வழக்கம். வலந்தலை சபையைப் பார்த்திருக்க வேண்டும் என்பதால் அப்படி. வலந்தலையை இடது கையால் வாசிக்கிறவர் பாடகருக்கு இடப்பக்கம்தான் உட்கார முடியும். அப்படியானால் வயலின்காரர் எழுந்து மறுபக்கம் போக வேண்டும். சிலர் எழ மறுத்தார்கள் என்றும், செம்பை வைத்தியநாத பாகவதர் அவரை விடாமல் கூட வைத்துக்கொண்டார் என்றும் வித்வான்கள் வழிவழியாகச் சொல்வார்கள். யேசுதாஸுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்ததும் அதே செம்பைதான். வாய்ச்சொல்லாலும் பழக்கத்தாலும் ஓடும் அதே உலகில், ஒரு பெரியவர் 'இவன் என் பக்கத்தில்தான் உட்காருவான்' என்றபோது வழி திறந்திருக்கிறது. தொடர்பே தீமை என்று நான் சொல்லவில்லை. அது எந்தத் தெருக்களுக்குள் சுற்றுகிறது என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

நாகசுரத்துக்கு அந்த வழியும் வாய்க்கவில்லை. விழாத் தொடக்கத்தில் மங்கல இசை என்று ஒன்று உண்டல்லவா? ஒருமுறை சீக்கிரமே போய் உட்கார்ந்திருந்தேன். மேடையில் இரண்டு நாகசுரமும் இரண்டு தவிலும் கல்யாணி வாசித்துக்கொண்டிருந்தார்கள். கீழே நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மைக்காரர் 'ஹலோ, செக்' என்றது கல்யாணியின் நடுவில். நாகசுரக்காரர் ஒரு கணம் சீவாளியை எடுத்து ஈரப்படுத்தினார், மறுபடி தொடங்கினார். பக்கத்து இருக்கைக்காரர் என்னிடம் கேட்டது: "கச்சேரி எத்தனை மணிக்கு?" டி.என். ராஜரத்தினம் பிள்ளை சரிசமமாக மேடை கேட்டு, கோட்டும் கிராப்புமாக வாழ்நாளெல்லாம் முறைத்துக்கொண்டு நின்றது இதற்கு எதிராகத்தான். சங்கீத கலாநிதி அவருக்குக் கிடைக்கவில்லை. திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்கு 1956இல் கிடைத்தது. அதே ஆண்டில்தான் ராஜரத்தினம் காலமானார். ஷேக் சின்ன மௌலானாவுக்கு 1998இல். இடைவெளியை வாசகரே கழித்துக்கொள்ளட்டும்.

மிருதங்கம் செய்கிறவர் அந்தக் காலி நாற்காலிக்கும் வருவதில்லை. பலாக்கட்டையில் பசு, ஆடு, எருமை மூன்றின் தோலையும் கொண்டு மூட்டும் வாரும் கட்டி, வித்வானின் காதுக்கு ஏற்ப நாதத்தைத் திருத்துகிறவர் அவர். டி.எம். கிருஷ்ணா இவர்களைப் பற்றி 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். 2020இல் அதன் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. பிறகு 2024இல் அதே கிருஷ்ணாவுக்குச் சங்கீத கலாநிதி அறிவிக்கப்பட்டதும் கச்சேரிகளிலிருந்து விலகியவர்கள், அறிக்கை விட்டவர்கள், உச்ச நீதிமன்றம் வரை வழக்கு. ஒரு விருதுக்காக ஓராண்டு சத்தம். சத்தத்தில் இரு தரப்பிலும் இருந்தவர்கள் அந்த ஆண்டும் பக்கவாத்தியத்துக்கு வழக்கமான நம்பர்களைத்தான் கூப்பிட்டிருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

'திறமை இருந்தால் யாரும் மறைக்க முடியாது' என்று இதற்குப் பதில் வரும். எம்.எஸ்.ஸைக் காட்டுவார்கள். எம்.எஸ். மாதிரி பாடினால்தான் கதவு திறக்கும் என்பவர்கள், உள்ளே இருக்கும் சுமாரான பத்துப் பேருக்கு யார் திறந்துவிட்டார்கள் என்றும் சொல்ல வேண்டும். ஒரு கலையில் இடம் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பது மேதைகளை எண்ணினால் தெரியாது. சுமாராக வாசிக்கிறவர்கள் எந்தெந்த வீடுகளிலிருந்து வருகிறார்கள் என்று பார்த்தால் தெரியும்.

எனக்கு ஒரு சின்ன யோசனை. டிசம்பரில் சென்னையில் நடக்கும் கச்சேரிகள் ஆயிரத்தைத் தாண்டும். ஒவ்வொரு சபாவும் நாலே நாலு மதியக் கச்சேரிக்காவது வானொலித் தரப்பட்டியலிலிருந்தும் இசைக் கல்லூரிகளிலிருந்தும் பக்கவாத்தியத்தைச் சுற்றுமுறையில் அழைக்கட்டும். மதியக் கச்சேரியில் பணம் பெரிதாக இல்லை, நஷ்டம் யாருக்கும் வராது. பாடுகிறவருக்கு ஒரு மணி நேரம் முன்பின் தெரியாத ஒருவரைக் கேட்கும் சங்கடம், அவ்வளவுதான். அதுவும் ஒரு சங்கீதப் பயிற்சிதான் என்பேன்.

இதை ஒரு சபாச் செயலாளரிடம் நேரிலேயே சொன்னேன். நல்ல மனிதர், எங்கள் இதழுக்குச் சந்தா கட்டுகிறவர். முழுக்கக் கேட்டார். "ரொம்ப நல்ல யோசனை சார். இந்த வருஷமே பண்ணிப் பார்க்கலாம்" என்றார். எனக்குச் சந்தோஷம். வயலின்காரத் தம்பியின் பெயரையும் நம்பரையும் கொடுத்தேன். டைரியில் குறித்துக்கொண்டவர், பேனாவை மூடுவதற்கு முன் தலையைத் தூக்கிக் கேட்டார்:

"பையன் யாரோட சிஷ்யன்னு சொன்னேள்?"