பழைய பாவும் புதிய பாவும்

கோயில்களாலும் பட்டாலும் பெயர்பெற்ற நம் காஞ்சி மாநகரில், மாலைப் பொழுதின் உரையாடல்களைச் செவிமடுப்போர் ஓர் உண்மையை உணர்வர். பிள்ளையார்பாளையத்துத் தறிக்குழியில் நாள் முழுதும் நாடா எறிந்து களைத்த நெசவாளரும், காந்தி சாலைப் பட்டுக்கடைப் பணியாளரும், ஒலிமுகமதுபேட்டைத் தேநீர்க் கடையில் கூடும் இளைஞரும், நம் கல்லூரி மாணவரும் கிரிக்கெட் என்று வந்துவிட்டால் ஒரே குடும்பத்தினர் ஆகிவிடுகின்றனர். அக்குடும்பத்தில் 2025 ஆம் ஆண்டு முதல் ஒரு பெரும் வழக்கு நடந்து வந்துள்ளது. வீழ்ந்த அணியை எவ்வாறு மீளக் கட்டுவது என்பதே அவ்வழக்கு.

அவ்வாண்டு இந்தியன் பிரீமியர் லீக் போட்டியில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி 14 ஆட்டங்களில் நான்கில் மட்டுமே வென்று, பத்து அணிகளுள் பத்தாவதாக நின்றது. 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து முறை கோப்பை ஏந்திய அணி, கடைசி இடத்திற்கு இறங்கியது அதுவே முதன்முறை. கோட்டை எனக் கருதப்பட்ட சேப்பாக்கத்தில் ஆடிய ஆறு ஆட்டங்களில் ஐந்தைத் தோற்றது. ஏப்ரல் 11 அன்று கொல்கத்தா அணிக்கு எதிராக 20 ஓவர்களும் ஆடி 103 ஓட்டங்களே எடுத்தது. அன்றிரவு நம் ஊரில் பலர் உணவு கொள்ளாமலே உறங்கினர் என்றால் அது மிகையன்று.

இவ்வழக்கில் மூன்று கட்சிகள் உள்ளன. மூவர் கூற்றையும் நடுநிலையோடு ஆராய்வது நம் கடமை.

முதற்கட்சியினர் அனுபவத்தைப் போற்றுவோர். ஈராண்டுத் தடைக்குப் பின் 2018 இல் திரும்பி வந்த அணியில் முப்பது வயதைக் கடந்தோரே மிகுதி; ஊரார் நகைத்தனர்; அவ்வணியே கோப்பையை வென்றது என்று அவர்கள் நினைவூட்டுகின்றனர். உண்மையே. ஆயினும் ஒருமுறை பலித்த மருந்து எல்லா நோய்க்கும் மருந்தாகிவிடுமா? அணி 2020 இல் ஏழாமிடம், 2022 இல் ஒன்பதாமிடம் என இறங்கியபோதே எச்சரிக்கை மணி ஒலித்துவிட்டது. இடையில் வந்த கோப்பைகள் அவ்வொலியை மறைத்தன. 2024 நவம்பரில் நடந்த பெரிய ஏலத்திலும் அணி முப்பதைக் கடந்தோர் பலரையே நாடிச் சென்றது.

இரண்டாம் கட்சியினர், அனைவரையும் நீக்கிவிட்டு அடித்தளத்திலிருந்து தொடங்குக என்கின்றனர். அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டத்தில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி, விலைமிகுந்த மூத்த வீரரை விடுத்து இளைஞரைத் திரட்டி, 2011, 2012, 2013 ஆகிய மூன்றாண்டுகளும் ஆண்டுக்கு நூறு ஆட்டங்களுக்கு மேல் தோற்று, 2017 இல் பட்டம் வென்றதை அவர்கள் சான்றாக்கலாம். அப்பட்டமும், எதிரணியின் சைகைகளைக் களவாக அறிந்த செயல் 2020 இல் விசாரணையில் வெளிப்பட்டதால் மாசுபட்டது, அது நிற்க. அந்நாட்டில் பின்தங்கிய அணிக்கு, புதிய வீரரைத் தேர்வதில் முன்னுரிமை உண்டு. தோல்விக்கு அங்கே ஓர் ஊதியம் இருக்கின்றது. நம் நாட்டு ஏலத்தில் அத்தகைய சலுகை இல்லை. முதலில் நின்றவருக்கும் கடைசியில் நின்றவருக்கும் செலவு வரம்பு ஒன்றே. இங்கு வேண்டுமென்றே வீழ்வோர்க்கு வீழ்ச்சியே மிஞ்சும்.

ஒரே நாளில் மூத்தோர் அனைவரும் நீங்கினால் என்ன நேரும் என்பதற்குக் கிரிக்கெட் வரலாறே விடை தருகின்றது. 1984 சனவரியில் சிட்னியில் நடந்த ஒரே டெஸ்ட் ஆட்டத்தோடு கிரெக் சாப்பல், டென்னிஸ் லில்லி, ராட் மார்ஷ் ஆகிய மூவரும் ஆஸ்திரேலிய டெஸ்ட் அணியிலிருந்து ஓய்வு பெற்றனர். தொடர்ந்து வந்த ஆண்டுகளில் அவ்வணி அடுக்கடுக்காகத் தோற்றது. ஆலன் பார்டர் என்னும் ஒரு மூத்தவர் எஞ்சி நின்று, ஸ்டீவ் வா போன்ற இளைஞரைத் தோல்விகளுக்கிடையே தாங்கி வளர்த்ததனாலேயே 1987 இல் கொல்கத்தாவில் உலகக் கோப்பை அவர்கள் கைக்கு வந்தது.

மூன்றாம் கட்சியினர் மண்ணின் மைந்தரைக் கேட்கின்றனர். சென்னை இளைஞர் சாய் சுதர்சன் 2025 இல் 759 ஓட்டங்கள் குவித்துத் தொடரிலேயே முதல்வரானார். குவித்ததோ குசராத்து அணிக்காக! இக்குறையில் நியாயம் உண்டு. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. நம் ஊர்ச் சேலைக்குப் பட்டிழை கருநாடகத்திலிருந்து வருகின்றது. சரிகை சூரத்திலிருந்து வருகின்றது. ஆயினும் அது காஞ்சிப் பட்டே; நெய்யும் முறையே அதற்குப் பெயர் தருகின்றது. தோனியும் ராஞ்சியிலிருந்து வந்தவரே. வீரர் எங்குப் பிறந்தார் என்பதைவிட, இங்கு வந்தபின் எவ்வாறு பயிற்றுவிக்கப்பட்டார் என்பதே பெரிது. உள்ளூர் இளைஞரை உரிய காலத்தில் இனங்கண்டு பயிற்றத் தவறினோம் என்பதே நாம் அணியின்மேல் வைக்கத்தக்க குற்றச்சாட்டு.

அங்ஙனமாயின் மீளக் கட்டும் வழிதான் யாது? அதனை நம் நெசவாளர் நன்கு அறிவர். தறியில் பாவு தீரும் தறுவாயில் அவர்கள் அதனை முற்றும் அறுத்தெறிவதில்லை. பழைய இழைகளின் நுனிகள் விழுதிலும் அச்சிலும் கோத்தபடி நிற்க, புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அவற்றோடு முறுக்கிப் பிணைக்கின்றனர். பின்னர்ப் பழைய இழையே புதிய இழையை விழுதின் வழியும் அச்சின் வழியும் இழுத்து வந்து சேர்க்கின்றது. பழையது அறவே தீர்ந்தபின் பிணைக்க இயலாது. ஆயிரக்கணக்கான இழைகளையும் மீண்டும் முதலிலிருந்து கோக்க நேரும். பிணைப்பதற்குரிய காலம் பழைய பாவு தறியில் இருக்கும் காலமே. வள்ளுவப் பெருந்தகையும் ஒருவரை ஆராய்ந்து தெளிதற்கு ஓர் அதிகாரமும், தெளிந்தபின் அவரிடம் வினையை ஒப்படைத்தற்கு மற்றோர் அதிகாரமும் வகுத்தார். தெளிவதோடு வினை முடிவதில்லை, ஒப்படைத்தலும் வேண்டும்.

சென்னை அணி பிழைத்தது இவ்விடத்தில்தான். 2022 இல் தலைமை சடேசாவிடம் தரப்பட்டது. எட்டு ஆட்டங்களிலேயே தோனியிடம் திரும்பியது. 2024 இல் ருதுராசிடம் தரப்பட்டது. 2025 ஏப்ரலில் அவர் முழங்கைக் காயத்தால் விலகவே, 43 வயதுத் தோனியே மீண்டும் தோள் கொடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த வரிசையில் ஆயத்தமான தோள் வேறில்லை.

இப்பிழையில் நமக்குப் பங்கில்லையா? சொந்த அணி வீரர் ஆட்டமிழந்தபோது, அடுத்துத் தோனி வருவார் என்று ஆர்ப்பரித்த அரங்கு நம்முடையது. இளைஞர் ஒருவர் இரண்டு ஆட்டங்களில் தடுமாறினால் இழிமொழி பொழிந்த நாவும் நம்முடையது. புதியவரைக் கொண்டுவருக என்று முழங்கும் நாமே, புதியவர் வளர்வதற்குரிய காலத்தைத் தர மறுத்தோம். ஒருவரைக் காண்பதற்கே அரங்கு நிரம்பும் என்றால், ஒப்படைக்கும் துணிவு அணியை நடத்துவோர்க்கு எங்ஙனம் வரும்?

நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. தோல்விகளுக்கு நடுவே அழைத்துவரப்பட்ட 17 வயது ஆயுசு மாத்ரே பெங்களூரில் 48 பந்துகளில் 94 ஓட்டங்கள் எடுத்தார். இளைஞர் பலர் இடம்பெற்ற அணி, இறுதி ஆட்டத்தில் குசராத்தை 83 ஓட்டங்களில் வென்றது. 2025 திசம்பர் ஏலத்தில், இந்திய அணிக்கு ஆடியிராத பிரசாந்து வீர், கார்த்திக் சர்மா என்னும் இரு இளைஞரை, ஒவ்வொருவருக்கும் 14.20 கோடி ரூபாய் தந்து அணி பெற்றது. காலந்தாழ்ந்த பிணைப்பாயினும் இது பிணைப்பே. ஆனால் விலை கொடுத்து வாங்கியதனால் மட்டும் இழை சேலையாகிவிடாது. அருகில் ஒரு கைதேர்ந்தவர் இருக்க வேண்டும். அறுந்த இடத்தில் முடிச்சிடப் பொறுமையும் வேண்டும்.

ஆகவே மூத்த வீரர்க்கு நாம் செய்யத்தக்க சிறப்பு, அவர் விளையாடும்போதே அவர்தம் மாணாக்கரையும் கைதட்டி வரவேற்பது. மாணவர்கள் இதனைத் தம் விளையாட்டுத் திடலில் இன்றே தொடங்கலாம். சான்றோர் பெருமக்களும் தாம் தாங்கி நிற்கும் பொறுப்புகளைக் கருதி, நம் தறியில் பாவு இன்னும் எத்தனை முழம் எஞ்சியுள்ளது, அருகில் அமர்ந்து கற்போர் எவரேனும் உளரா என்று எண்ணிப் பார்ப்பார்களாக. பிணைக்கும் நாள் கடந்தபின் வருந்துவதால் பயன் யாது?