மாடியில டைல்ஸ் மாத்துறீங்களா? முதல்ல கீழே நின்னு மேலே பாருங்க!

"பழைய தரையை உடைக்கவே வேணாங்க. அது மேலயே கலவை போட்டு டைல்ஸ் பதிச்சிடலாம். ரெண்டே நாள் வேலை!"

சுங்குவார்சத்திரம் பக்கத்தில் இருக்கிற பெரியப்பா வீட்டில் மேஸ்திரி இப்படிச் சொன்னதும் எல்லோருக்கும் சந்தோஷம். ஹாலில் கட்டிலில் படுத்திருந்த ஆயா மட்டும் கூரையைக் கைகாட்டி, "அந்தக் கட்டை தாங்குமாடா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறந்தது. வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ரூம் வேண்டுமே! பழைய வீட்டு மாடி அறைகளையும் புதுசாக்கி வாடகைக்கு விடுகிறார்கள். முதலில் மாறுவது தரைதான்.

தரைக்குக் கீழே என்ன இருக்கு?

அந்தக் காலத்து மாடித் தளத்தில் கம்பியும் கான்கிரீட்டும் இருக்காது. நெருக்கமாக மரக்கட்டைகள், அவற்றின் மேல் சுண்ணாம்புச் சாந்தில் குத்தாக அடுக்கிய மெல்லிய செங்கல், அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்த தளம், கடைசியாகத் தட்டோடு அல்லது சிமென்ட் டைல்ஸ். இதைத்தான் 'மெட்ராஸ் டெரஸ்' என்பார்கள். மொத்தப் பாரமும் மரத்தின் மேல்தான்.

ஒரு சின்ன கணக்கு

2 அங்குல சிமென்ட் கலவை, சதுர அடிக்குச் சுமார் 10 கிலோ. விட்ரிஃபைடு டைல்ஸ் 2 கிலோ. 10-க்கு 12 அடி அறைக்கு மொத்தம் சுமார் 1,440 கிலோ! ஒரு சின்ன காரைவிட அதிக எடையை மாடியில் நிரந்தரமாக நிறுத்திவைப்பது மாதிரி.

வீட்டு அறையில் ஆட்கள், சாமான்களின் எடைக்கென்று சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ கணக்கிடச் சொல்கிறது ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதி. அதாவது, சதுர அடிக்கு 19 கிலோ. புதுத் தரையே 12 கிலோ ஏறினால், கட்டில், பீரோ, நாலு பேர் எல்லாம் எங்கே போவது?

வேலைக்கு முன்னாடி பாருங்க

* கட்டை சுவருக்குள் நுழையும் முனைதான் முக்கியம். ஈரமும் கரையானும் தங்கும் இடம் அது. ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் மரம் போய்விட்டது.
* கட்டையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் பிடியுங்கள். நடுவில் தொய்வு தெரியும்.
* இதில் எது இருந்தாலும் மேஸ்திரிக்கு முன்னால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள்.

உடைக்கும்போது

பிரேக்கர் மெஷின் வேண்டாம். அதிர்வில் செங்கல் நழுவும். உளி, சுத்தியல் போதும். பழைய ஓட்டையும் பெயர்ந்த கலவையையும் மட்டும் எடுங்கள், சுண்ணாம்புத் தளத்தைத் தோண்டாதீர்கள். இடிபாட்டை நடு அறையில் குவிக்காமல் உடனுக்குடன் கீழே இறக்குங்கள். 2-க்கு 2 அடி டைல்ஸ் பெட்டி ஒன்றே சுமார் 30 கிலோ. அதையும் மாடியில் அடுக்க வேண்டாம். வேலை நடக்கும்போது கீழ் அறையில் யாரும் இருக்கக் கூடாது.

மரத்தளம் லேசாக அசையும். அதில் டைல்ஸ் விரிசல் விடலாம். 4 மி.மீ. எஸ்.பி.சி. பலகை சதுர அடிக்கு ஒரு கிலோகூட வராது. ஒன்றோடொன்று கோத்துப் போட்டுவிடலாம்.

பெரியப்பா வீட்டில் இரண்டு கட்டைகளின் முனை உளுத்துப்போயிருந்தது. அதற்கு நேர் மேலேதான் பல வருஷமாகத் தண்ணீர் டிரம் வைத்திருந்தார்கள். கட்டைகளை மாற்றி, எஸ்.பி.சி. போட்டு முடிக்க மூன்று வாரம் ஆனது. அதுவரை பின்கட்டில் இருந்த ஆயா, இப்போது ஹாலுக்குத் திரும்பிவிட்டார். அதே இடம், அதே கட்டில்.