மயில் கத்தினா கத்தட்டும்

மஞ்சள் வெட்டி, வேக வெச்சு, காயப் போட்டு முடிச்சாச்சு. கொஞ்சம் ஓய்வு. ஆனா ரெண்டு வாரமா எங்க வீட்டுல ஒரே இங்கிலீஷ் பாட்டு. காலேஜ் முடிச்சுட்டு வந்திருக்கற மகன், 'ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்' பாட்டை கிட்டார் வாசிச்சு தானே பாடிப் பதிவு பண்றேன்னு உக்காந்துட்டான். கவர் சாங்னு சொல்றாங்களே, அதுதானுங்க.

மொதல்ல ஹால்ல பாடினான். கான்கிரீட் கூரை, வெறும் செவுரு, ஒரே எதிரொலி. அப்புறம் நெல்லு மூட்டை அடுக்கி வெச்சிருக்கற ரூமுக்கு மாறினான். மூட்டையும் சாக்கும் எதிரொலியை அப்படியே குடிச்சிருச்சு. ஃபேனை நிறுத்தினோம், ஃப்ரிட்ஜையும் நிறுத்தினோம். ராத்திரி மூணு ஃபேஸ் கரண்டு வந்தா கெணத்து மோட்டார் ஓடும். விடியக்காலைல மயில் கத்தும். சத்தம் கேட்டா உடனே அழிச்சுட்டு மறுபடி மொதல்ல இருந்து பாடுவான்.

ஒருவழியா ஒண்ணை முடிச்சு சொந்தக்காரங்க குரூப்புல போட்டான். சென்னைல இருக்கற உறவுக்காரர் ஒருத்தர், "ஒரிஜினலுக்குப் பக்கத்துல கூட வரல தம்பி, பின்னாடி மயில் வேற"ன்னு எழுதிட்டாரு. பையன் அதையும் அழிச்சுட்டான். எனக்கு வயிறு எரிஞ்சுதுங்க.

எதுங்க ஒரிஜினல்? நீங்க கேட்டிருக்கறது 1964-ல இங்கிலாந்து நியூகாசில் பசங்க 'தி அனிமல்ஸ்' பாடினதா இருக்கும். அதுவே கவர்தான். லண்டன் ஸ்டுடியோவுல ஒரே டேக்குல முடிச்சிருக்காங்க. அதுக்கு முன்னாடி 1962-ல பாப் டிலன் தன் மொத ஆல்பத்துல பாடியிருக்காரு. அவரு பாடின விதமும் டேவ் வான் ராங்க்கிட்ட இருந்து எடுத்துக்கிட்டதுதான். இன்னும் பின்னாடி போனா 1937. அமெரிக்காவுல கென்டக்கி மாநிலம், மிடில்ஸ்பரோன்னு ஒரு ஊரு. அங்க ஜார்ஜியா டர்னர்ங்கற 16 வயசுப் பொண்ணு, சுரங்கத் தொழிலாளியோட மக, பாடினதை ஆலன் லோமாக்ஸ் மெஷினைத் தூக்கிட்டுப் போய்ப் பதிவு பண்ணியிருக்காரு. அந்தப் பொண்ணும் எழுதினதில்ல, பழைய நாட்டுப்புறப் பாட்டு. பொம்பளை பாடற கதையை அனிமல்ஸ் ஆம்பளை பாடற மாதிரி மாத்திக்கிட்டாங்க. நம்ம நடவுப் பாட்டு மாதிரியே, எழுதினவங்க யாருன்னு தெரியாது. தகிட தகிடன்னு போற நடை கூட நம்ம கும்மி நடைதான்.

அப்படிப்பட்ட பாட்டுக்கு யாருகிட்டங்க பட்டா இருக்கு? எழுதினவர் தெரிஞ்ச பாட்டுன்னா அவர் பேரைப் போடணும், உரிமையை மதிக்கணும், அது வேற. சுருதி தப்பினா திருப்பிப் பாடறதும் நியாயந்தான். ஆனா அச்சு அசலா இன்னொருத்தர் மாதிரி இருக்கணும்னா அந்தப் பழைய ரெக்கார்டையே போட்டுக் கேட்டுக்கலாமே. நம்ம வீட்டுல நாம எதுக்குப் பாடணும்?

எங்கம்மா நாத்து நடும்போது பாடுவாங்க. அவங்க பாட்டுக்கு நட்டா நேரம் போறதே தெரியாதுன்னு பொம்பளைங்க சொல்லுவாங்க. அப்பவே எங்கிட்ட பதிவு பண்ற வசதியோட ஒரு பட்டன் போன் இருந்துச்சு. வயல்ல காத்து அடிக்குது, பம்புசெட்டு ஓடுது, சத்தமில்லாத ஒரு நாளாப் பாத்துப் பண்ணிக்கலாம்னு தள்ளிப் போட்டுட்டே இருந்தேன். 2009-ல போயிட்டாங்க. நாலு வரி எனக்கு ஞாபகம் இருக்கு. குரல் இல்லைங்க. இன்னைக்கு அந்தப் பம்புசெட்டு சத்தத்தோட அரை நிமிசம் கெடைச்சாக்கூடப் போதும்.

நகரத்துல இருக்கற உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். உங்க வீட்டுப் பிள்ளைங்க பாடினா பதிவு பண்ணுங்க. பஸ் ஹாரனோ, குக்கர் விசிலோ கேட்டா கேட்டுட்டுப் போகட்டும். ஒரிஜினலோட ஒப்பிட்டு வாயடைக்காதீங்க.

மகன் குரூப்புல அழிக்கறதுக்கு முன்னாடியே அது என் போன்ல எறங்கியிருந்துச்சு. மயிலோட பத்திரமா வெச்சிருக்கேன். அவனுக்கு இன்னும் சொல்லல, இதைப் படிச்சாத் தெரிஞ்சுக்குவான்.

அடுத்த வாரம் மஞ்சள் வெலையைப் பத்தி எழுதறேனுங்க.